காலண்டரில் ஆறு நீல ஸ்டிக்கர்

எனக்கு ஒரு எடத்துல உக்கார வராது. காலுல சக்கரத்தக் கட்டிக்கிட்டுப் பொறந்தவ நான்னு அம்மா சொல்லும். கோயமுத்தூர்ல ஒரு பள்ளிக்கூடத்துல ப்ளஸ் டூவுக்கு வேதியியல் எடுக்கறேன். பாடம் நடத்தும்போதுகூட ஜன்னலுக்கும் போர்டுக்கும் நடந்துக்கிட்டேதான் இருப்பேன். அடுப்புல பால் வெச்சா பொங்கற வரைக்கும் நிக்க மாட்டேன், அதனாலயே எங்க ஊட்டுல தீஞ்ச பால் வாசம் போனதே இல்ல. காலுக்கு வாய் ஒண்ணும் சளைச்சதில்ல. அந்த வாயால ஒரு ஞாயித்துக்கிழமை நான் பண்ணிவெச்ச காரியத்த இதுவரைக்கும் யார்கிட்டயும் முழுசாச் சொன்னதில்ல.

எங்கம்மாவுக்குக் காது கேக்காது. சோமனூர்ப் பக்கம் ஒரு தறிக்குடோன்ல இருவத்திரெண்டு வருசம் விசைத்தறி ஓட்டுச்சு. இருவது தறி ஒண்ணா ஓடுனா ரோட்டுல போறவனுக்கே காது அடைக்கும், உள்ளேயே நிக்கறவங்களுக்கு என்ன மிஞ்சும்? அங்க யாரும் சத்தம் போட்டுப் பேசறதில்ல, போட்டாலும் கேக்காது. ஒதட்ட மட்டும் அசைப்பாங்க, கூட ஒரு கை பேசும். நூல் அறுந்துச்சா, டீ வந்துச்சா, ஓனர் வாராரா, எல்லாமே ஒதட்டுலதான். அதனால காது போனது அம்மாவுக்கே ரொம்ப நாளாத் தெரியல. தறி வேலைய உட்டுட்டு என்கூட வந்து இருக்க ஆரம்பிச்ச பொறவுதான் தெரிஞ்சுது. ஏன்னா எங்க ஊட்டுல யாரும் மூஞ்சியப் பாத்துப் பேசறதில்ல. நான் சமையக்கட்டுல இருந்து கத்துவேன், படியெறங்கிக்கிட்டே கத்துவேன். "கத்தாத கண்ணு. என்னப் பாத்து, வாயத் தெறந்து, மெதுவாச் சொல்லு"ன்னு அம்மா சொல்லும். மெதுவாங்கறதுதான் எனக்கு வராதே.

அம்மாவோட தறிக்குப் பக்கத்துத் தறி ஓட்டுனவங்களச் சின்னம்மான்னு கூப்புடுவேன். ரத்த சொந்தம் ஒண்ணுமில்ல. அவிய சர்ச்சுக்குப் போறவிய, நாங்க மாரியாத்தா கோயிலுக்குப் போறவங்க. ஆனா எங்க ஊட்டு நோம்பிப் பலகாரம் முதல்ல போறது அவிய ஊட்டுக்குத்தான், கிறிஸ்மஸ் கேக்கு முதல்ல வாரது எங்க ஊட்டுக்குத்தான். சின்னம்மா தறி ஓட்டறப்ப நாள் பூரா பாடும். சர்ச்சுப் பாட்டும் இருக்கும், சினிமாப் பாட்டும் இருக்கும், எல்லாத்தையும் கலந்துகட்டி. வெளிய வந்து பாடச் சொன்னா பாடாது. சர்ச்சுல பாட்டுக் கூட்டத்துக்குக் கூப்புட்டப்பவும் மாட்டேன்னுட்டாங்க. குடோன்ல யாருக்கும் கேக்காதுங்கற தைரியத்துல பாடறது அது. அம்மா அந்த ஒதட்டப் பாத்துப் பாத்தே அத்தன பாட்டோட வரியும் மனப்பாடம் பண்ணி வெச்சிருந்துச்சு. பாடற குரல் எப்படின்னு மட்டும் தெரியாது.

ஆறு மாசத்துக்கு முன்னாடி அம்மாவுக்குக் காது மெஷின் வாங்குனோம். மாட்டுன அன்னைக்குக் குக்கர் விசிலுக்குத் திடுக்குன்னுச்சு. காக்காச் சத்தத்துக்குச் சிரிச்சுது. என்னப் பாத்து, "ஏங் கண்ணு, நீ இத்தன சத்தமாவா பேசுவே?"ன்னு கேட்டுச்சு. அப்பறம் ஒரே ஒரு ஆசை சொன்னுச்சு. "அம்மணி பாடறத ஒருக்காக் கேக்கோணும்." அம்மணின்னு அம்மா சொல்றது சின்னம்மாவத்தான். அவிய அப்பவே ஈரோட்டுல மகன் ஊட்டுக்குப் போயிருந்தாங்க. போன்ல பேசுனா அம்மாவோட மெஷின் கீச்சுன்னு கத்தும், ஒண்ணும் புரியாது. நேர்லதான் போகணும். அடுத்த வாரம் கூட்டிட்டுப் போறேன்னு சொன்னேன். பரீச்சை வந்துச்சு, பேப்பர் திருத்தற வேலை வந்துச்சு, அடுத்த வாரம் அடுத்த வாரம்னு ஆறு மாசம் ஓடிப்போச்சு.

அந்த ஞாயித்துக்கிழமை காலைல பத்து மணி இருக்கும், சின்னம்மாவோட மகன் போன் பண்ணுனாப்ல. "அக்கா, அம்மாவப் பெருந்துறையில ஆஸ்பத்திரில சேத்திருக்குதுங்க. தொண்டைல கட்டிங்க. பேச்சு இப்பவே கம்மிப்போச்சு. நாளைக்குக் காலைல குரல்வளைய எடுக்கறாங்க. அதுக்கப்பறம் சத்தமே வராதுன்னுட்டாங்க." அப்பறம், "அம்மா பெரியம்மாவப் பாக்கோணும்னு சொல்லுதுங்க. நாலு மணிக்குத்தான் உள்ள உடுவாங்க"ன்னாப்ல.

அம்மாகிட்டச் சொன்னேன். அழுவும்னு நெனைச்சேன், அழுவல. பீரோவத் தொறந்து நல்ல சேலை ஒண்ணு எடுத்துச்சு. "இன்னைக்குப் பாடச் சொல்லிக் கேட்டுப்போடறேன். நாளைக்குன்னா இல்லையல்ல"ன்னுச்சு. சேலைய மடிச்சுக்கிட்டே காதத் தொட்டு, "இது குக்கூங்குது"ன்னு சாதாரணமாச் சொன்னுச்சு. செல் தீரப் போகுதுன்னா அந்த மெஷின் காதுக்குள்ள ரெண்டு தடவ குக்கூன்னு அடிக்கும்.

எனக்குப் பதட்டமே இல்ல. ஒரு அட்டைக்கு ஆறு செல்லு வரும், ரெண்டுதான் தீந்திருக்கும், நாலு மிச்சம் இருக்கணும். அம்மா செல்லு வெக்கற தகர டப்பாவ எடுத்துத் தொறந்தேன். உள்ள ஒரு துணி விரிச்சு நாலு செல்லும் வரிசையா, தொடைச்சு வெச்ச கொலுசு முத்தாட்டம் இருந்துச்சு. ஒண்ணுலகூட ஸ்டிக்கர் இல்ல.

இத வெவரமாச் சொன்னாத்தான் என் வயித்தெரிச்சல் புரியும். காது மெஷின் செல்லு மத்த செல்லு மாதிரி இல்ல. டார்ச்சுல போடற செல்லுக்குள்ள, குடுக்கறது வாங்கறது ரெண்டு சரக்கும் உள்ளயே இருக்கும். இந்தக் குட்டிச் செல்லுக்குள்ள பாதிதான் இருக்குது. துத்தநாகத் தூள். மீதிப் பாதி காத்து. செல்லோட முதுகுல ஊசிமுனை அளவு ஓட்டைங்க இருக்கும், அதுமேல ஒரு நீல ஸ்டிக்கர் ஒட்டி வெச்சிருப்பாங்க. ஸ்டிக்கர உரிச்சாக் காத்து உள்ள போகும், வேலை ஆரம்பிச்சுரும். ஆரம்பிச்சா அவ்வளவுதான். மெஷின்ல போட்டாலும் போடாட்டியும் உள்ள இருக்கற ஈரம் அந்த ஓட்டை வழியாக் காஞ்சுக்கிட்டே போகும், மூணு நாலு வாரத்துல செல்லுக்கு உசுரு இருக்காது. அதனால ஒண்ணு ஒண்ணாத்தான் உரிக்கணும், தேவைப்படறப்பத்தான் உரிக்கணும்.

"ஸ்டிக்கரெல்லாம் எங்க?"ன்னு கத்துனேன். அம்மா தினசரிக் காலண்டரக் கைகாட்டுச்சு. காலண்டர் அட்டையோட ஓரத்துல ஆறு நீல ஸ்டிக்கரும் ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா ஒட்டியிருந்துச்சு. ஒட்டு போகாம நல்லா இருக்குதேன்னு எடுத்து வெச்சுதாம். அட்டை வாங்குன அன்னைக்கே ஆறையும் உரிச்சிருக்குது, ஒன்றரை மாசத்துக்கு முன்னாடி.

ஏம்மா இப்படின்னு கேட்டதுக்கு அம்மா என்ன ஒரு மாதிரி பாத்துச்சு. இதுகூடத் தெரியாதாங்கற பார்வை. "தார் சுத்தி வெச்சுக்காம ஆராச்சும் தறி ஓட்டுவாங்களா?"

நெசவுக்காரங்க ஊட்டுப் பொண்ணு நான், எனக்குப் புரிஞ்சுது. தறில அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஓடற நாடாவுக்குள்ள நூல் சுத்துன குச்சி ஒண்ணு இருக்கும், அதுதான் தார். நூல் தீந்தா தறி நின்னுரும், தறி நின்னா ஓனர் மூஞ்சி மாறும். அதனால வேலைக்கு நிக்கறதுக்கு முன்னாடியே அன்னைக்கு வேண்டிய தார் அத்தனையும் சுத்தி, பிசிறு எடுத்து, பெட்டில அடுக்கி வெச்சுக்கணும். தீந்த கையோட அடுத்தத எடுத்துப் போடணும். இருவத்திரெண்டு வருசம் அந்தக் கை அப்படியே பழகிருச்சு. அவசரத்துக்கு ஸ்டிக்கர நகத்தால நோண்டிக்கிட்டு நிக்கக்கூடாதுன்னு அம்மா செல்லு ஆறையும் தயார் பண்ணி அடுக்கி வெச்சிருக்குது. சுறுசுறுப்பான தறிக்காரி செய்யறதத்தான் செஞ்சிருக்குது. புரிஞ்சும் நான் வாய மூடல. வாயில வந்ததெல்லாம் சொன்னேன்.

காது மெஷின் கடை ஞாயித்துக்கிழமை தொறக்காது. காந்திபுரத்துல தெரிஞ்ச ரெண்டு கடைக்கும் போன் பண்ணுனேன், எடுக்கல. காதுல இருந்த செல்லு அதுக்குள்ள நின்னுருச்சு, டப்பால இருந்த நாலு செல்லையும் ஒண்ணொண்ணாப் போட்டுப் பாத்தேன். முதல் ரெண்டும் பேச்சுமூச்சு இல்ல. மூணாவது கொஞ்சம் முனகிட்டு நின்னுபோச்சு. நாலாவது மட்டும் உசுரோட இருந்துச்சு, சத்தமும் தெளிவா இருக்குதுன்னு அம்மா சொன்னுச்சு. வெடுக்குன்னு வெளிய எடுத்தேன். காலண்டர்ல இருந்து ரெண்டு ஸ்டிக்கர உரிச்சு மூணாவது முதுகுலயும் நாலாவது முதுகுலயும் அழுத்தி ஒட்டுனேன். காத்த அடைச்சா உள்ள நடக்கறதும் அடங்கும். இருக்கறத மிச்சம் புடிக்க வேற வழியில்ல. சின்னம்மா முன்னாடி போய் உக்காந்த பொறவுதான் மெஷின மாட்டணும், நாலாவது செல்லப் போடணும், ஒரு பாட்டுக் கேக்கணும். ஒரு பாட்டுக்கு அஞ்சு நிமிசம் போதும். இதுதான் என் கணக்கு.

காந்திபுரத்துல ஈரோட்டு பஸ் ஏறுனோம். ஜன்னல் சீட்டு அம்மாவுக்கு. காதுல மெஷின் இல்லாததால அம்மாவுக்குத் தன் குரலும் கேக்காது, அதனால பஸ்ஸுக்கே கேக்கற மாதிரி பேசிக்கிட்டு வந்துச்சு. "மழை பேஞ்சு கரண்டு போனா குடோன் கப்சிப்புன்னு ஆயிருமல்ல, அப்பப் பாட்ட டக்குன்னு நிறுத்திப்போடுவா. ஒருக்கா நிறுத்த மறந்துட்டா. ஒரு வார்த்தை வெளிய வந்துருச்சு. ஒரே வார்த்தை. அப்பறம் வாயப் பொத்திக்கிட்டா பாத்துக்க." முன்சீட்டுக்காரர் திரும்பிப் பாத்தாரு. நான் அம்மா தொடைய அழுத்துனேன், மெதுவாங்கற மாதிரி. "எம்பட காது அன்னைக்கு நல்லா இருந்துச்சு. ஆனாலும் நான் அறுந்த நூல முடிச்சுப் போட்டுக்கிட்டு இருந்தேன், கவனிக்காமப் போயிட்டேன்"ன்னு அம்மா அதே சத்தத்துல சொல்லி முடிச்சுது.

அவினாசி தாண்டறதுக்குள்ள என் கைப்பைய நாலு தடவ தொறந்து டப்பாவப் பாத்துட்டேன். பெருமாநல்லூர்ல பஸ் நின்னுச்சு, டிரைவர் டீ குடிக்கப் போயிட்டாரு. எனக்கு எறங்கி ஓடலாம்னு இருந்துச்சு. செங்கப்பள்ளி, விஜயமங்கலம்னு ஒவ்வொரு ஊரும் வேணும்னே மெதுவா வாரதாத் தோணுச்சு. அம்மா பாட்டுக்கு ஜன்னல் வழியாப் பாத்துக்கிட்டு ஒதட்ட அசைச்சுக்கிட்டே வந்துச்சு. எந்தப் பாட்டக் கேக்கறதுன்னு பொறுக்கிக்கிட்டு இருந்துச்சுபோல.

ஆஸ்பத்திரி கேட்டுக்குப் போறப்ப மணி மூணரை. வாட்ச்மேன், "நாலு மணிக்குங்கம்மா"ன்னாரு. டூவீலர் நிறுத்தற எடத்துக்குப் பக்கத்துல ஒரு சிமெண்ட் பெஞ்சு, அங்க உக்காந்தோம். அம்மா உக்காந்துச்சு, நான் நடந்தேன்.

மூணே முக்காலுக்கு எனக்கு ஒரு நெனைப்பு வந்துச்சு. ஸ்டிக்கர் எடுத்த செல்லுக்குக் காத்து ஏற அஞ்சு நிமிசமாச்சும் வேணும். சின்னம்மா முன்னாடி போய் உரிச்சுக்கிட்டு நின்னா நேரம் போயிருமே. அதனால இப்பவே உரிச்சுத் தயாரா வெச்சுக்கலாம். உரிச்சேன். அம்மாவ நான் எதுக்குத் திட்டுனேனோ அதையே நானும் செஞ்சேன், அப்ப அது உறைக்கல. அஞ்சு நிமிசம் கழிச்சு மெஷின்ல போட்டு அம்மா காதுல மாட்டுனேன். சரியா இருக்குதான்னு பாத்துட்டு எடுத்துரலாம்னுதான்.

"கேக்குதா?"

"நல்லாக் கேக்குது." அம்மா மூஞ்சி பளிச்சுன்னு ஆச்சு. அப்பறம் கேட்டுச்சு, "ஏங் கண்ணு, இத்தனூண்டுக்குள்ள அப்படி என்னதான் இருக்குது? காத்துப் பட்டா என்ன ஆவுது?"

என்கிட்ட யாராச்சும் பாடத்துல கேள்வி கேட்டா நான் கெட்டேன். பெஞ்சுல அம்மா பக்கத்துல உக்காந்துட்டேன்.

"இதுக்குள்ள துத்தநாகத் தூள் இருக்குதும்மா. அதுகிட்ட எலக்ட்ரான்னு ஒண்ணு இருக்குது, குடுக்கறதுக்குத் துடிச்சுக்கிட்டு இருக்கும். வாங்கிக்கறதுக்குக் காத்துல இருக்கற ஆக்சிஜன் வரணும். ரெண்டையும் நேரா ஒண்ணாக் கலந்துவுட்டா வெறும் சூடுதான் மிஞ்சும், ஒரு பிரயோசனமும் இல்ல. அதனால நடுவுல ஒரு தடுப்பு வெச்சிருக்காங்க. எலக்ட்ரான் தடுப்பத் தாண்டிப் போக முடியாது. வெளிய, மெஷினுக்குள்ள ஓடற கம்பி வழியாச் சுத்திக்கிட்டுத்தான் அக்கட்டால போகணும். அப்படிச் சுத்திப் போறப்ப மெஷின ஓட்டிவுட்டுட்டுப் போகும். அதுதான் கரண்டு."

அம்மா யோசிச்சுது. "நாடாவாட்டமா? இக்கட்டால இருந்து அக்கட்டாலைக்கு?"

"நாடா திரும்பி வரும். இது வராது. போனது போனதுதான்."

இதோட நிறுத்தியிருந்தா நான் மனுசி. அந்தப் 'போனது போனதுதான்' என் வாய்ல இருந்து வந்ததும் காலைல அடங்குன கோவம் திரும்பக் கெளம்பிருச்சு. அதனாலதான் சொல்றேன், அதனாலதான் ஒண்ணு ஒண்ணா உரிக்கணும்னு அன்னைக்கே கடைக்காரர் சொன்னாரு, நீ கேட்டியா, தலைய மட்டும் ஆட்டுனே. ஒரு வார்த்தை என்கிட்டக் கேட்டிருக்கக் கூடாதா, இத்தன வருசமா இதையேதான் நான் பசங்களுக்கு நடத்தறேன், ஊட்டுல ஒரு டீச்சர் இருக்கறது எதுக்கு, காலண்டர்ல ஒட்டி அழகு பாக்கறதுக்கா. சொல்லிக்கிட்டே போனேன். நாலு மணிக்கு எந்திரிச்சோம், டாக்டர் உள்ள பாத்துக்கிட்டு இருக்காரு இருங்கன்னு வாட்ச்மேன் மறுபடி உக்கார வெச்சாரு. அந்தக் கடுப்பும் அம்மா மேலயே எறங்குச்சு. நாலு இருவது வரைக்கும் பேசுனேன். பக்கத்துல வண்டி எடுக்க வந்தவங்க திரும்பிப் பாக்கற அளவுக்குப் பேசுனேன். அம்மா தலையக் குனிஞ்சு கேட்டுக்கிட்டே இருந்துச்சு. ஒரு வார்த்தை எதுத்துப் பேசல.

ரெண்டாவது மாடி. வார்டு வாசல்ல சின்னம்மாவோட மகன் நின்னாப்ல, எங்களப் பாத்ததும் கண்ணத் தொடைச்சுக்கிட்டு ஒதுங்கி நின்னாப்ல. கதவுகிட்ட வந்தப்ப அம்மா என் கையப் புடிச்சு நிறுத்துச்சு. காதத் தொட்டுக் காட்டுச்சு. "நின்னுபோச்சு கண்ணு."

செல்லு ஏற்கெனவே காஞ்சு போனது. இருந்த கொஞ்சநஞ்ச உசுர நான்தான் குடிச்சிட்டேன். சத்தம் எச்சா ஆக ஆக மெஷின் எச்சாக் கரண்டு இழுக்கும்னு எனக்குத் தெரியாதா? அரை மணி நேரம் காதுக்குப் பக்கத்துல உக்காந்து கத்துனேன். சின்னம்மா பாட்டுக்குன்னு பொத்திப் பொத்திக் கொண்டுவந்தத, செல்லு எப்படி வேலை செய்யுதுன்னு சொல்லியே தீத்துட்டேன். அந்த எடத்துலயே தரை பொளந்து உள்ள போயிரலாம்னு இருந்துச்சு. மூணாவது செல்லு ஸ்டிக்கர உரிச்சு, ஊதி, உள்ளங்கைல தேச்சுப் போட்டேன். ஒண்ணுமில்ல. நாலாவதையே எடுத்துச் சித்த நேரம் வெச்சிருந்து திரும்பப் போட்டேன். அதுவும் ஒண்ணுமில்ல.

"நீ உள்ள போ, வாரேன்"னு கைகாட்டிட்டுப் படியெறங்கி ஓடுனேன். ஆஸ்பத்திரி எதுத்தாப்புல நாலு மருந்துக்கடை இருக்குது. முதல் கடைல ஒரு பொண்ணு, "ரிமோட்டுக்குப் போடற செல்லுங்களா?"ன்னு கேட்டுச்சு. ரெண்டாவது கடைல வாட்ச்சுக்குப் போடறது இருந்துச்சு, அது பாதி அளவுகூட இல்ல. மூணாவது கடைக்காரர் மருந்து எடுக்கற கையோட, "காது மெஷின் செல்லுன்னா ஈரோடுதானுங்க போகோணும், இன்னைக்கு லீவா இருக்கும்"னாரு. நாலாவது கடை பூட்டியிருந்துச்சு. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு எலக்ட்ரிக் கடை வரைக்கும் ஓடிப் பாத்தேன். வேர்த்துக் கொட்டிக்கிட்டு வெறுங்கையோட திரும்பறப்ப மணி அஞ்சடிக்க அஞ்சு நிமிசம். அஞ்சு மணிக்கு எல்லாரையும் வெளிய அனுப்பிருவாங்க.

வார்டுக் கதவத் தள்ளுனேன். ஆறு கட்டில், ஜன்னலோரக் கட்டில்ல சின்னம்மா. பாதியா எளைச்சிருந்தாங்க. அம்மா கட்டில் மேலயே ஏறி, காலத் தொங்கப்போட்டு, எதுத்தாப்புல உக்காந்திருந்துச்சு. ரெண்டு பேரும் பேசி முடிச்சிருந்தாங்கன்னு மூஞ்சியப் பாத்தாலே தெரிஞ்சுது. அவிய பேச்சுக்கு என்னைக்குச் செல்லு வேணும்? ஒதடு போதும். ஆனா பாட்டுக்கு ஒதடு போதாதுன்னுதான நாங்க இத்தன தூரம் வந்தது.

அம்மாவோட வலது உள்ளங்கை சின்னம்மா தொண்டை மேல இருந்துச்சு.

தறி ஓடறப்ப அம்மா இப்படித்தான் சட்டத்து மேல கைய வெக்கும். நான் பாத்திருக்கேன். இருவது தறிச் சத்தத்துல தன் தறி ஒழுங்கா ஓடுதான்னு காத வெச்சுக் கண்டுபிடிக்க முடியாது. கைய வெச்சுப் பாத்தாத் தெரியும். எங்கயோ ஒரு போல்ட் லூசானாக்கூட அந்தக் கைக்குத் தெரிஞ்சுரும்.

சின்னம்மா பாடிக்கிட்டு இருந்தாங்க. கண்ண மூடி, ஆறு கட்டில்காரங்க முன்னாடி, வெளிய எங்கயும் பாடாதவங்க. பாட்டுன்னு அதச் சொல்லவே முடியாது. கரகரன்னு, உப்புத்தாள வெச்சு மரத்தத் தேய்க்கறாப்புல. ரெண்டு வார்த்தை வரும், சத்தம் அறுந்து போகும், வெறும் ஒதடு அசையும், மறுபடி ஒரு வார்த்தை வரும். எனக்கு நிக்கவும் முடியல, வெளிய போகவும் முடியல. வாழ்க்கைல ஒரே தடவ ஒரு எடத்துல அசையாம நின்னேன்னா அது அந்தக் கதவுகிட்டத்தான். பாடி முடிஞ்சுது. அம்மா கைய எடுக்கல. நர்ஸ் வந்து, "நேரமாச்சுங்க"ன்னு தோளத் தொட்டப்பறம்தான் எடுத்துச்சு.

திரும்பற பஸ்ஸுல வெயில் தாழ்ந்துருச்சு. பஸ் விஜயமங்கலம் வந்துச்சு. அப்பறம் அம்மா பக்கம் திரும்பி உக்காந்தேன். மூஞ்சியப் பாத்து, வாயத் தெறந்து, மெதுவா, சத்தமே இல்லாமச் சொன்னேன். "செல்ல நான்தாம்மா பேசித் தீத்துப்போட்டேன்."

"தெரியும்"னுச்சு அம்மா. "கீழ பெஞ்சுல உக்காந்திருக்கும்போதே குக்கூன்னு ரெண்டு தடவ அடிச்சுது."

"ஏன் சொல்லல?"

"நீ பேசிக்கிட்டு இருந்தே." அம்மா என் கழுத்து வேர்வைய முந்தானைல தொடைச்சுவுட்டுச்சு. "நீ எம்பட பக்கத்துல உக்காந்து அத்தன நேரம் பேசி எத்தன நாளாச்சு. நடுவுல எப்படிச் சொல்றது?"

எனக்கு அழுகை வந்துருச்சு. பஸ்ஸுல எல்லாரும் இருக்கறாங்கன்னு பாக்காம அழுதேன். நான் அழுது முடிக்கற வரைக்கும் அம்மா காத்துக்கிட்டு இருந்துட்டு, முழங்கையால இடிச்சுது. "நீ கேட்டயல்ல. சொல்லு. குரல் எப்படி இருந்துச்சு?"

தேன் மாதிரி இருந்துச்சுன்னு சொல்லலாம்னுதான் வாயத் தொறந்தேன். ஆனா இருவத்திரெண்டு வருசம் ஒதட்டப் பாத்தே வாழ்ந்த மனுசிகிட்டப் பொய் சொல்ல முடியாது, பொய்க்கு வாய் வேற மாதிரி கோணும். உள்ளதச் சொன்னேன். "கரகரன்னு இருந்துச்சும்மா. பாட்டாவே இல்ல. நின்னு நின்னு வந்துச்சு. பாதிக்கு மேல சத்தமே வரல."

அம்மா வலது கைய மடில மலத்தி வெச்சு, உள்ளங்கையவே பாத்துக்கிட்டு இருந்துச்சு. அப்பறம் இல்லைன்னு தலையாட்டுச்சு.

"எங்கயும் நிக்கல கண்ணு. கடைசி வரைக்கும் பாடுனா."